பெத் பாட்டர்: ஓட்டத்தில் தோற்று டிரையத்லானுக்கு வந்தவரா?

நீங்கள் கேட்டிருப்பது இது: “பெத் பாட்டர் என்ற ஸ்காட்லாந்து நடுத்தூர ஓட்டக்காரர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் 34ஆவதாக வந்தார். எட்டு வருடம் கழித்து பாரிஸில் டிரையத்லானில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அப்படியானால் ஓட்டத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாதவர்களுக்கு டிரையத்லான் சுலபமான வழியா? என் தங்கை 1500 மீட்டர் ஓடுகிறாள், 24 வயது. அவளும் மாறலாமா?” ஒரு வீராங்கனையின் கதையைக் கேட்பது போலத் தெரிந்தாலும், உங்கள் மனதில் இருப்பது உங்கள் தங்கைதான். பாட்டரின் கதையில் எது எல்லோருக்கும் பொருந்தும், எது அவருக்கு மட்டுமே பொருந்தும் என்று பிரித்துத் தெரிந்தால்தான் உங்களால் ஒரு முடிவுக்கு வர முடியும். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கடைசி பத்து வருடத்தில் டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் போட்டி, செய்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். பாட்டருக்கு நான் பயிற்சி கொடுத்ததில்லை, அவரோடு பேசியதும் இல்லை. போட்டி முடிவுகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்ததை வைத்தும், இரண்டு விளையாட்டிலும் என் கண்முன் பலர் முன்னேறியதையும் திணறியதையும் பார்த்ததை வைத்தும்தான் பேசுகிறேன். அவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இது பின்னால் உங்கள் தங்கை விஷயத்தில் முக்கியமாகிவிடும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடகளத்தில் நடுத்தூரம் என்றால் 800 மீட்டரும் 1500 மீட்டரும். சிலர் 3000 மீட்டரையும் அதில் சேர்ப்பார்கள். பாட்டர் சர்வதேச அளவில் பெயர் பெற்றது 10,000 மீட்டரில். அது நெடுந்தூரம். 1500 ஓடுபவருக்குக் கடைசிச் சுற்றில் கால் வேகம் வேண்டும், மூச்சு முட்டும் வேதனையைச் சில நிமிடம் தாங்க வேண்டும். 10,000 ஓடுபவருக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் ஒரே சீரான வேகத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். டிரையத்லானுக்கு வேண்டிய உடல் இரண்டாவது வகையோடுதான் நெருங்கிய சொந்தம்.

பாட்டர் 1991 டிசம்பர் 27 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். நகரத்தை ஒட்டி வடமேற்கில் இருக்கும் பேர்ஸ்டன் அவர் வளர்ந்த ஊர். சிறுவயதில் அவர் போட்டிகளில் கலந்துகொண்ட நீச்சல்காரர். ஓட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது. பத்திரிகைகள் இந்தத் தகவலை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். என்னைக் கேட்டால் அவருடைய முழுக் கதைக்கும் திறவுகோல் அந்த ஒரு வரிதான். படிப்பை முடித்து இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்தார். பாடம் நடத்திக்கொண்டே காலையும் மாலையும் பயிற்சி செய்தார். 2014இல் சொந்த ஊரான கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் ஸ்காட்லாந்து சார்பில் 10,000 மீட்டர் ஓடினார். காமன்வெல்த் போட்டிகளில் ஸ்காட்லாந்து தனி அணியாக வரும், ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்ற ஒரே அணிக்குள் போய்விடும். அவர் பெயர் சில முடிவுகளில் ஸ்காட்லாந்தோடும் சிலவற்றில் பிரிட்டனோடும் வருவது அதனால்தான்.

ரியோ பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் 12 அன்று நடந்த அந்த 10,000 மீட்டர் சாதாரணப் பந்தயம் கிடையாது. எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா 29 நிமிடம் 17.45 விநாடியில் ஓடி, 1993 முதல் யாரும் நெருங்காமல் இருந்த வாங் ஜுன்சியாவின் உலக சாதனையை 14 விநாடிக்கும் மேலான வித்தியாசத்தில் உடைத்தார். பாட்டர் 33 நிமிடத்தைச் சற்றுத் தாண்டி வந்தார். அயானா கோட்டைத் தொட்டபோது பாட்டருக்கு இன்னும் இரண்டு சுற்றுக்கு மேல் பாக்கி இருந்தது. “34ஆவது” என்று படிக்கும்போது தோற்றவர் போலத் தெரியும். ஆனால் ஒலிம்பிக் 10,000 மீட்டருக்குத் தகுதி பெறுவதற்கே உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவராக இருந்தாக வேண்டும். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு அந்தக் கோட்டில் போய் நின்றவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம் ஒரு பயிற்சியாளராகக் கணக்குப் போட்டால் இன்னொன்றும் தெரிகிறது. அவருடைய சிறந்த 10,000 மீட்டர் நேரம் 32 நிமிடத்தைச் சற்றுத் தாண்டியது. உலக மேடையில் பதக்கம் கேட்பவர்கள் அதைவிட ஒன்றரை, இரண்டு நிமிடம் வேகமாக ஓடுகிறார்கள். 24 வயதுக்கு மேல் அந்த இடைவெளியை ஓட்டப் பயிற்சியால் மட்டும் அடைப்பது மிக மிகக் கடினம்.

அந்தப் பந்தயம் முடிந்து எட்டு நாள் கழித்து, அதே ரியோவில், கோபகபானா கடற்கரையில் பெண்கள் டிரையத்லான் நடந்தது. தங்கம் வென்றவர் அமெரிக்காவின் க்வென் ஜோர்கென்சன். அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் நீச்சல் அணியிலும் பிறகு ஓட்ட அணியிலும் இருந்தவர். படிப்பு முடிந்து கணக்காளராக வேலைக்குப் போனார். நீந்தவும் தெரியும், வேகமாக ஓடவும் தெரியும் என்பதைக் கவனித்த அமெரிக்க டிரையத்லான் அமைப்பு அவரைத் தேடிப்போய் அழைத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டயர் பஞ்சராகி 38ஆவதாக வந்தார், நான்கு வருடம் கழித்துத் தங்கம். ஜோர்கென்சன், பாட்டர் இருவருக்கும் பொதுவான அம்சத்தைக் கவனியுங்கள். இருவருமே “ஓட்டக்காரர் டிரையத்லானுக்கு வந்தார்” என்று சொல்லப்படுபவர்கள். ஆனால் இருவரும் ஓட்டத்துக்கு வருவதற்கு முன்பே தண்ணீரில் பழகியவர்கள்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒலிம்பிக் டிரையத்லான் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம், இடைவேளை இல்லாமல். நேரக் கணக்கில் நீச்சல்தான் மிகச் சிறிய பகுதி. அதனால் பலர் “நீச்சலில் ஒரு நிமிடம் போனால் போகட்டும், ஓட்டத்தில் பிடித்துவிடலாம்” என்று நினைக்கிறார்கள். தனித்தனியாக சைக்கிள் ஓட்டும், தூரம் மிக அதிகமான அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் இந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். ஒலிம்பிக் வகையில் பலிக்காது. இங்கே ஒருவர் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டி இன்னொருவர் ஓட்டலாம், அதற்கு டிராஃப்டிங் என்று பெயர். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொண்டு போக, பின்னால் வருபவருக்குச் செலவு பெரிதும் குறைகிறது. எட்டு ஒன்பது பேர் மாறி மாறி முன்னால் வந்து ஓட்டினால் அந்தக் குழு ஓடும் வேகத்தைத் தனி ஆள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடிக்க முடியாது. தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது முன்குழுவை இருபது விநாடியில் தவறவிட்டால், சைக்கிள் முடியும்போது அது ஒன்றரை நிமிடமாகவோ இரண்டு நிமிடமாகவோ வளர்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பதினைந்தாவது இடத்துக்குத்தான் போட்டி. உங்கள் ஓட்டத் திறமைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கூடவே வரும். ஓட்டத்தால் வளர்ந்த இதயம் சைக்கிளிலும் உதவும். நீச்சல் நுட்பம் அப்படி வராது. தண்ணீரைக் கையால் பிடித்துத் தள்ளும் உணர்வு சிறுவயதில் படிந்தால்தான் நன்றாகப் படிகிறது என்று என் அனுபவம் சொல்கிறது. இருபத்தைந்து வயதில் புதிதாக நீச்சல் கற்ற ஓட்டக்காரர்கள் நன்றாக நீந்தக் கற்றுக்கொள்வார்கள், பல கிலோமீட்டர் நீந்துவார்கள். ஆனால் சிறுவயதிலிருந்து நீந்தியவர்களோடு தோளோடு தோள் மோதிக்கொண்டு முதல் வளைவை எட்டும் வேகம் வருவதில்லை. இதற்கு விதிவிலக்கே இருக்க முடியாது என்று சொல்லமாட்டேன். நான் பயிற்சி கொடுத்தவர்களில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே 2017 தொடக்கத்தில், அப்போதுதான் 25 வயது முடிந்திருந்த பாட்டர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு லீட்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. பழைய நீச்சல் உடம்பில் எங்கோ உறங்கிக்கொண்டிருந்தது. லீட்ஸ் பிரிட்டனின் டிரையத்லான் தலைநகரம் மாதிரி. டிரையத்லானில் ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற பிரவுன்லீ சகோதரர்கள் பயிற்சி செய்த ஊர். புது விளையாட்டைக் கற்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே போனவுடன் ஓட்டத்தை உதறிவிடவும் இல்லை. அதே 2017இல் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் ஓடினார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் டிரையத்லானில் 12ஆவதாக வந்தார், சில நாள் கழித்து அதே போட்டிகளில் 10,000 மீட்டர் ஓட்டத்திலும் ஓடினார். ஒரே காமன்வெல்த் போட்டியில் இரண்டு வெவ்வேறு விளையாட்டில் கலந்துகொண்ட முதல் ஸ்காட்லாந்துக்காரர் என்று அப்போது பேசப்பட்டார்.

அந்த 12ஆவது இடம் எனக்குப் பிடித்த எண். வேலையை விட்டு, ஊரை விட்டு, ஒரு வருடத்துக்கு மேல் முழுநேரம் உழைத்த பிறகும் காமன்வெல்த் அளவிலேயே 12தான். “சுலபமான வழி” என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019இல் நெதர்லாந்தின் வீர்ட் நகரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். ஆனாலும் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான பிரிட்டன் அணியில் இடம் கிடைக்கவில்லை. ஜெஸ் லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன், விக்கி ஹாலண்ட் மூவரும் போனார்கள். பெண்கள் டிரையத்லானில் அப்போது உலகத்திலேயே மிகப் பலமான நாடுகளில் ஒன்று பிரிட்டன். ஐரோப்பிய சாம்பியனாக இருந்தும் சொந்த நாட்டு அணியில் முதல் மூவரில் வர முடியாத நிலை. நான்கரை வருட உழைப்புக்குப் பிறகு ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்ப்பது எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை, தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு ஓரளவு புரிகிறது.

டோக்கியோவுக்குச் சில மாதம் முன்பு நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி இணையத்தில் நிறையக் குழப்பம் உண்டு. 2021 ஏப்ரல் 3 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் பாரோஃபோர்டு என்ற சிற்றூரில், மூடிய சைக்கிள் பாதையில் நடந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாட்டர் 14 நிமிடம் 41 விநாடியில் வந்தார். அப்போதைய உலக சாதனை, அதே வருடம் பிப்ரவரியில் மொனாக்கோவில் கென்யாவின் பீட்ரிஸ் செப்கோய்ச் ஓடிய 14 நிமிடம் 43 விநாடி. பவுலா ராட்கிளிஃப் 2003இல் வைத்த பிரிட்டிஷ் நேரமான 14:51ஐவிடப் பத்து விநாடி குறைவு. இவை உறுதியானவை. அது உலக சாதனையாக அங்கீகரிக்கப்படவில்லை என்பதும் உறுதி. சாதனை என்று பதிவாக வேண்டுமானால் பாதை அளவு, நடுவர்கள், ஊக்கமருந்துப் பரிசோதனை என்று பல ஏற்பாடுகள் முன்கூட்டியே இருக்க வேண்டும், சிறிய உள்ளூர்ப் போட்டிகளில் அவை எல்லாம் அமைவதில்லை. சந்தேகத்துக்கு இடமுள்ளது வேறொன்று: அந்த வேகத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு காலில் இருந்த கார்பன் தகடு வைத்த புதுவகை ஷூவுடையது? இந்த ஷூக்கள் ஓடுவதற்கு ஆகும் ஆற்றலைச் சில சதவீதம் குறைக்கின்றன என்பதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் பலன் மாறும், ஒரு தனி ஓட்டத்தில் ஷூவின் பங்கு இத்தனை விநாடி என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. செப்கோய்ச்சும் புதுவகை ஷூக்கள் பரவிவிட்ட அதே காலத்தில் ஓடியவர் என்பதையும் நினைவில் வையுங்கள். 2003இல் ஓடிய ராட்கிளிஃபோடு ஒப்பிடும்போதுதான் ஷூ பெரிய விஷயமாகிறது. என் கணிப்பு, அன்று அவர் தன் வாழ்நாளில் அதுவரை இல்லாத உடல்நிலையில் இருந்தார். ஓட்டத்தை மட்டுமே செய்த காலத்தைவிட, நீந்தியும் சைக்கிள் ஓட்டியும் வந்த காலத்தில் அவர் சிறந்த ஓட்டக்காரர் ஆகியிருந்தார்.

இது எப்படி என்று கேட்கலாம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதனால் ஓட்டப் பயிற்சியை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. எலும்பில் விரிசல் விடும், தசைநார் வீங்கும். தண்ணீரிலும் சைக்கிளிலும் அந்த அடி இல்லை. வாரத்துக்கு இருபத்தைந்து முப்பது மணி நேரம் கூட இதயத்துக்கு வேலை கொடுக்கலாம். ஓட்டக்காரர் ஒருவர் வாரத்துக்கு முப்பது மணி நேரம் ஓடினால் உடம்பு உடைந்துபோகும். பாட்டர் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று சான்றிதழ் கொடுக்க நான் ஆளில்லை. ஆனால் என்னிடம் அடிக்கடி காயப்பட்டு வந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சிலர், ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை சைக்கிளுக்கு மாற்றிய அடுத்த வருடமே தங்கள் சிறந்த நேரத்தைத் தொட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் பெர்முடாவின் ஃப்ளோரா டஃபி தங்கம், டெய்லர்-பிரவுன் வெள்ளி, பாட்டருக்கு வெண்கலம். 2023 மார்ச்சில் அபுதாபியில், வருடம் முழுதும் பல ஊர்களில் நடக்கும் உலக டிரையத்லான் தொடரில் முதல் வெற்றி. அந்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் பாதையிலேயே ஒத்திகைப் போட்டி நடந்தது. பிரான்ஸின் கசாண்ட்ர போக்ராண்டை அவர் சொந்த மண்ணில் முந்தி பாட்டர் வென்றார். செப்டம்பரில் ஸ்பெயினின் பொன்தெவெத்ராவில் தொடரின் இறுதிப் போட்டியையும் வென்று உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 31. லீட்ஸுக்குப் போய் ஏழாவது வருடம்.

பாரிஸில் 2024 ஜூலை 31 காலை நடந்த பந்தயத்தை முடிந்தால் முழுதாகப் பாருங்கள். உங்கள் தங்கையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், நூறு பாடம் இருக்கிறது. சேன் ஆற்றின் தண்ணீர் சுத்தமாக இல்லை என்பதால் முந்தைய நாட்களில் பழகு நீச்சல்கள் ரத்தாகி, ஆண்கள் போட்டியே ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. அன்று ஆற்றோட்டமும் பலமாக இருந்தது. எதிர்த்து நீந்தும் பகுதியில் ஒவ்வொருவரும் கரையை ஒட்டிப் போராடினார்கள். மழை பெய்து சாலை வழுக்கியது, பலர் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார்கள். பாட்டர் விழவில்லை, முன்குழுவிலிருந்து பிரியவும் இல்லை. ஓட்டத்தில் போக்ராண்ட், சுவிட்சர்லாந்தின் ஜூலி டெரோன், பிரான்ஸின் எம்மா லொம்பார்டி, பாட்டர் என்று நால்வர் மட்டும் சேர்ந்து ஓடினார்கள். கடைசிச் சுற்றில் போக்ராண்ட் விலகிப் போனார். 1 மணி 54 நிமிடம் 55 விநாடியில் அவருக்குத் தங்கம், டெரோனுக்கு வெள்ளி, 15 விநாடி பின்னால் பாட்டருக்கு வெண்கலம். லொம்பார்டி வெறுங்கையோடு போனார். ஐந்து நாள் கழித்து, 300 மீட்டர் நீச்சல், சுமார் 7 கிலோமீட்டர் சைக்கிள், சுமார் 2 கிலோமீட்டர் ஓட்டம் என்று நால்வர் சேர்ந்து செய்யும் கலப்பு ரிலேயில் அலெக்ஸ் யீ, டெய்லர்-பிரவுன், சாம் டிக்கின்சன் ஆகியோருக்குப் பிறகு கடைசி ஆளாக பாட்டர் இறங்கினார். ஜெர்மனியின் லாரா லிண்டமன் முதலில் கோட்டைத் தொட, அமெரிக்காவின் டெய்லர் நிப்பும் பாட்டரும் ஒரே நொடியில் வந்தார்கள். புகைப்படத்தை வைத்துத்தான் அமெரிக்காவுக்கு வெள்ளி, பிரிட்டனுக்கு வெண்கலம் என்று முடிவானது.

இங்கே ஒரு ஒப்பீடு. ரியோவில் புதிய கால்களோடு, பந்தயத்துக்காகவே ஓய்வெடுத்து, தடகளப் பாதையில் பாட்டர் ஓடிய 10 கிலோமீட்டர் 33 நிமிடத்தைச் சற்றுத் தாண்டியது. பாரிஸில் ஆற்றை எதிர்த்து நீந்தி, ஈரச் சாலையில் 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து இறங்கி அவர் ஓடிய 10 கிலோமீட்டரும் 33 நிமிடத்தை ஒட்டித்தான் இருந்தது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிரையத்லான் ஓட்டப் பாதை தடகளப் பாதையைப் போல மீட்டர் சுத்தமாக அளக்கப்படுவது இல்லை, ஷூவும் மாறிவிட்டது, ரியோவில் ஓடியது அவருடைய சிறந்த நாளும் இல்லை. அத்தனையையும் கழித்த பிறகும், எட்டு வருடத்தில் அந்த உடம்பு எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பது தெரிகிறது.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை, சுலபமான வழி இல்லை. ஓட்டத்தில் உலகத்தில் 34ஆவது என்பது டிரையத்லானில் நுழைய அனுமதிச் சீட்டு மட்டுமே. பாரிஸில் ஆண்கள் தங்கம் வென்ற அலெக்ஸ் யீ கூட 10,000 மீட்டரில் பிரிட்டிஷ் சாம்பியனாக 2018இல் வந்தவர், 28 நிமிடத்துக்குள் ஓடியவர். அப்படிப்பட்ட ஓட்டக்காரரும் நீச்சலையும் சைக்கிளையும் சிறுவயதிலிருந்தே கூடவே வளர்த்தார். எதிர்த்திசைக்கும் ஒரு உதாரணம் உண்டு. ரியோவில் தங்கம் வென்ற ஜோர்கென்சன் அடுத்த வருடம் மாரத்தானுக்கு மாறினார், ஒலிம்பிக் மாரத்தான் தங்கமே குறி என்று வெளிப்படையாகச் சொன்னார். 2018 சிகாகோ மாரத்தானில் 2 மணி 36 நிமிடத்தில் 11ஆவதாக வந்தார், குதிகாலில் அறுவைச் சிகிச்சை வேண்டிவந்தது, பிறகு டிரையத்லானுக்கே திரும்பினார். ஒன்றில் உச்சத்தைத் தொட்டவர் இன்னொன்றில் அதே உயரத்தைத் தொடுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இப்போது உங்கள் தங்கை. நீங்கள் அவருடைய 1500 மீட்டர் நேரத்தை எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் முதலில் கேட்பது வேறு: அவர் பதினான்கு வயதுக்கு முன்னால் நீச்சல் குளத்தில் முறையாகப் பயிற்சி பெற்றாரா? பெற்றிருந்தால், பத்து வருடமாகத் தொடவில்லை என்றாலும், மூன்று மாதம் ஒரு நல்ல நீச்சல் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். பிறகு 25 அல்லது 50 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் நீந்தவைத்து நேரம் பாருங்கள். சர்வதேசப் பெண்கள் போட்டியில் முன்குழுவோடு வெளியே வருபவர்கள் அதை ஐந்து நிமிடத்துக்குள் நன்றாகவே முடிப்பார்கள். உங்கள் தங்கை ஆறு நிமிடத்துக்குள் வந்து, மாதா மாதம் குறைத்துக்கொண்டும் இருந்தால், முயற்சி செய்வது நியாயம். எட்டு நிமிடத்தில் நின்றுபோனால் ஒலிம்பிக் வகை டிரையத்லானை வாழ்க்கைக் குறிக்கோளாக வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த எண்கள் என் பயிற்சி அனுபவத்தில் நான் வைத்திருக்கும் அளவுகோல், எந்த அமைப்பின் விதியும் இல்லை.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். மாநில அளவில் 1500 மீட்டரில் பதக்கம் வாங்கியவன், 23 வயதில் டிரையத்லானுக்கு மாற ஆசைப்பட்டான். எனக்கும் ஆசை, தடுக்கவில்லை. கடன் வாங்கி ரோடு பைக் வாங்கினான். முதல் பந்தயத்தில் தண்ணீரிலிருந்து கடைசி ஆளாக வந்தான், 40 கிலோமீட்டரும் தனியாக எதிர்காற்றில் மிதித்தான், ஓட்டத்தில் அன்றைய மிக வேகமான நேரம் அவனுடையது. அடுத்த எட்டுப் பந்தயத்திலும் இதே கதை. இரண்டு வருடம் கழித்து அவன் நிறுத்தியபோது அவன் 1500 மீட்டர் வேகமும் போயிருந்தது, ஏனென்றால் நீண்ட நேரப் பயிற்சியில் அந்தக் கடைசி 300 மீட்டர் வெடிப்பு மழுங்கிவிடும். அவனை முதல் நாளே குளத்தில் இறக்கி நேரம் பார்க்காதது என் தவறு. அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரையும் நீச்சல் நேரம் பார்க்காமல் நான் பைக் வாங்கவிட்டதில்லை.

1500 ஓட்டக்காரர் என்பதாலேயே உங்கள் தங்கைக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. ஒலிம்பிக் தூரத்தில் அவர் வேகம் பெரிதாக உதவாமல் போகலாம். ஆனால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் வகையிலும், அதைவிடக் குறுகிய ரிலேயிலும் கடைசி அரை கிலோமீட்டர் வேகம்தான் பலமுறை முடிவு சொல்கிறது. நீச்சல் தேறினால் அங்கிருந்து தொடங்கட்டும். நீச்சல் தேறாமல், ஓட்டம் மட்டும் பலமாக இருந்தால் டுவாத்லான் என்று ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் வரும் போட்டி உண்டு. அல்லது 5000 மீட்டருக்கு மேலேறிப் பார்க்கலாம். 24 வயது நெடுந்தூரத்துக்குத் தாமதமே இல்லை.

மூன்று மாதம் முடிந்ததும் 400 மீட்டர் நீச்சல் நேரத்தையும், 1500, 5000 மீட்டர் நேரங்களையும், கடந்த இரண்டு வருடத்தில் வந்த காயங்களையும் எழுதுங்கள். அதுவரை பைக் வாங்க வேண்டாம்.